ஜேர்மன் இலக்கியமும் திரைப்படமும் கற்பிக்கும் தொழில்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜேர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில், அந்நாட்டு மாணவர்களுக்கு அவர்களுடைய இலக்கியத்தையும் திரைப்படத்தையும் பண்பாட்டு வரலாற்றையும் நெடுங்காலம் கற்பித்தேன். இப்போது ஓய்வுபெற்று உப்புவெளியில் குடியிருக்கிறேன். உயர்தரப் பரீட்சை எழுதிய பிள்ளைகள், அவர்களுடைய பெற்றோர், நிலாவெளி ஹோட்டல்களில் வேலை செய்யும் இளைஞர்கள், கணவரிடம் போவதற்காக மொழி படிக்கும் பெண்கள் எனப் பலர் வீடு தேடி வந்து கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஜேர்மன் பேராசிரியர் என்றால் ஜேர்மன் மொழி சொல்லிக்கொடுப்பவர்தானே?

மொழி கற்பிப்பது ஒரு தொழில், இலக்கியம் கற்பிப்பது வேறொரு தொழில். இரண்டுக்கும் தனித்தனிப் பயிற்சி உண்டு. ஜேர்மன் பல்கலைக்கழகங்களில் இத்துறை பெரும்பாலும் மூன்று கிளைகளாக இருக்கும். 1200ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட நிபெலுங்கர் காவியம் போன்ற இடைக்கால நூல்களைக் கற்பிப்பது ஒரு கிளை. மொழியியல் இன்னொன்று. நவீன இலக்கியம் மூன்றாவது. நான் இந்த மூன்றாவது கிளையில் இருந்தேன். திரைப்பட வரலாறும் என் பொறுப்பில் இருந்தது.

பல மாநிலங்களில் பேராசிரியர் ஒருவருக்கு வாரத்தில் 8 அல்லது 9 பாட நேரங்களே விதிக்கப்பட்டிருக்கின்றன. இதைக் கேட்டதும் இங்குள்ள பாடசாலை ஆசிரியர்கள் வியந்துபோகிறார்கள். ஆனால் மாணவர்களின் நீண்ட கட்டுரைகளைத் திருத்துவது, வாய்மொழிப் பரீட்சை நடத்துவது, ஆய்வேடுகளை மேற்பார்ப்பது, முடிவே இல்லாத குழுக் கூட்டங்களில் இருப்பது என்று மிகுதி வாரம் கரைந்துவிடும். இவை எல்லாவற்றுக்கும் நடுவில் நான் நேசித்தது கருத்தரங்கு வகுப்பைத்தான். ஒரு மேசையைச் சுற்றி இருபது பேர், ஒரு நூல், ஒன்றரை மணி நேரம். முடிவில் அங்கே கைதட்டுவதில்லை. விரல் முட்டிகளால் மேசையைத் தட்டிப் பாராட்டுவார்கள். அந்தச் சத்தம் நிறைந்த நாட்களில் படிக்கட்டில் களைப்பே தெரியாது.

திருகோணமலையிலிருந்து இந்தத் துறைக்கு எப்படிப் போனீர்கள்?

1980களின் நடுப்பகுதியில் ஆயிரக்கணக்கான தமிழர் போன வழியில்தான் நானும் போனேன். விமானம் கிழக்கு பேர்லினின் ஷோனஃபெல்ட் நிலையத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து நகர ரயிலில் ஏறினால் மேற்கு பேர்லின். 1986இல் கிழக்கு ஜேர்மன் அரசு அந்த வழியை அடைத்தது. அகதி விண்ணப்பத்தின் முடிவுக்காகக் காத்திருந்தவர்களுக்கு அப்போது வேலை செய்ய அனுமதி இல்லை. அந்த ஓய்வு நேரத்தில் மாலை வகுப்பில் மொழி படித்தேன். பிறகு வேலை செய்துகொண்டே இரவுப் பாடசாலையில் உயர்தரத்துக்கு நிகரான பரீட்சை, பல்கலைக்கழகம், கலாநிதிப் பட்டம் என்று ஒவ்வொன்றாக முடித்தேன்.

கலாநிதிப் பட்டத்துக்கு நான் எடுத்த பொருள் போருக்குப் பிந்திய ஜேர்மன் வானொலி நாடகம். இலங்கை வானொலியின் தமிழ் நாடகங்களைக் கேட்டு வளர்ந்த எனக்கு அது அந்நியமாகத் தெரியவில்லை. குரலையும் கதவுச் சத்தத்தையும் கொண்டே ஒரு வீட்டை எழுப்பிவிடலாம் என்பது சிறுவயதிலேயே தெரிந்த விடயம். இதில் இன்னொரு பொருத்தமும் உண்டு. ஜேர்மனியின் டொய்ச்ச வெல்லே வானொலி 1980களிலிருந்து திருகோணமலை மாவட்டத்தில் ஓர் அஞ்சல் ஒலிபரப்பு நிலையத்தை நடத்தியது. ஆசியாவின் பல பகுதிகளுக்கு அந்த ஒலிபரப்பு நம் மண்ணிலிருந்துதான் போனது. பிற்காலத்தில் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கையளிக்கப்பட்டது.

ஹிட்லரைத் தந்த நாட்டின் இலக்கியத்தை நாங்கள் ஏன் படிக்க வேண்டும்?

இதை அதிகம் கேட்பவர்கள் பெற்றோர். நியாயமான கேள்வி.

ஹைன்ரிஷ் ஹைனே என்ற கவிஞர் 1823இல் வெளியிட்ட ஒரு நாடகத்தில், கிரனடா நகரில் குர்ஆன் எரிக்கப்பட்ட செய்தி வருகிறது. அதைக் கேட்ட ஒரு பாத்திரம், இது முன்னோட்டம் மட்டுமே, நூல்களை எரிக்கும் இடத்தில் கடைசியில் மனிதரையும் எரிப்பார்கள் என்று சொல்கிறது. யூதக் குடும்பத்தில் பிறந்த ஒரு ஜேர்மன் கவிஞர், எரிக்கப்பட்ட குர்ஆனுக்காக எழுதிய வரி அது. 1933 மே 10ஆம் தேதி நாசி மாணவர்கள் பேர்லின் நகரின் நடுவே நூல்களைக் குவித்து எரித்தார்கள். ஹைனேயின் நூல்களும் அந்தத் தீயில் போயின. அதன் பிறகு நடந்ததை உலகம் அறியும். அந்தச் சதுக்கத்தில் இப்போது நிலத்துக்குக் கீழே ஓர் அறை இருக்கிறது. கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தால் 20,000 நூல்கள் கொள்ளக்கூடிய வெள்ளை அலுமாரிகள் வெறுமையாக நிற்கின்றன.

1981 மே 31 இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததையும், ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் போனதையும் அறிந்த ஒரு தமிழர் அந்தக் கண்ணாடியின் முன்னே நின்றால், அதற்கு விளக்கவுரை தேவையில்லை. அதனால்தான் படிக்கச் சொல்கிறேன். குற்றம் நடந்த மொழியிலேயே அந்தக் குற்றத்தை எழுதியவர்கள் இருந்தார்கள். அவர்கள் எப்படி எழுதினார்கள், எதைச் சொல்லாமல் விட்டார்கள், எத்தனை ஆண்டுகள் கழித்துத்தான் சிலவற்றைச் சொல்ல முடிந்தது என்பவை போருக்குப் பின் வாழும் எந்த ஊருக்கும் தேவையான அறிவு.

போர் முடிந்தவுடன் ஜேர்மனியில் இடிபாட்டு இலக்கியம் என்று ஒரு வகை எழுந்தது. அதில் வொல்ஃப்காங் போர்ஹெர்ட் எனக்கு மிக நெருக்கமானவர். நோயாளியாகப் போரிலிருந்து திரும்பி, மிகக் குறுகிய காலத்தில் எழுதிவிட்டு, 1947 நவம்பர் 20ஆம் தேதி 26 வயதில் இறந்தார். அவருடைய நாடகம் அதே ஆண்டு பெப்ரவரியில் வானொலியில் ஒலிபரப்பாகி நாட்டை உலுக்கியிருந்தது. ஹம்பேர்க் மேடையில் அது முதன்முதலாக ஏறியது அவர் இறந்ததற்கு மறுநாள்.

அவருடைய ஒரு சிறுகதையில், இடிந்த வீட்டின் முன்னே ஒன்பது வயதுச் சிறுவன் தடியுடன் காவல் இருக்கிறான். இடிபாட்டுக்குள் அவனுடைய நான்கு வயதுத் தம்பி கிடக்கிறான். எலிகள் இறந்தவர்களைத் தின்னும் என்று ஆசிரியர் சொன்னதால் அவன் இரவும் பகலும் நகராமல் இருக்கிறான். அவ்வழியே வரும் கிழவர் ஒருவர், இரவில் எலிகள் உறங்கிவிடும், அதை உன் ஆசிரியர் சொல்லவில்லையா என்று கேட்கிறார். தன்னிடம் முயல்குட்டிகள் இருக்கின்றன, இருட்டியதும் வந்து அழைத்துப்போகிறேன் என்கிறார்.

ஜேர்மனியில் இக்கதையைக் கற்பித்தபோது உரையாடல் பெரும்பாலும் நிறக் குறியீடுகளைச் சுற்றியே போகும். சாம்பல், பச்சை, மாலைச் சூரியனின் சிவப்பு. நல்ல வாசிப்புத்தான். இங்கே என் வீட்டு விறாந்தையில் வாசித்தபோது, மூதூரிலிருந்து வரும் மாணவி ஒருத்தி எடுத்த எடுப்பிலேயே கேட்டாள்: "அந்த ஐயா பொய் சொன்னது சரியா?" அடுத்த ஒரு மணி நேரம் வகுப்பு அதைவிட்டு நகரவில்லை. பிள்ளையை உயிருள்ளவர்களின் பக்கம் இழுக்க ஒரு பொய் தேவைப்பட்டதா, பெரியவனானதும் அவன் அந்தக் கிழவரை மன்னிப்பானா என்று பேசினார்கள். 2004 கடற்கோளையும் 2006 இடப்பெயர்வையும் வீட்டுக் கதையாகக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். அவர்களுடைய கேள்வி கதையின் நடுநரம்பைத் தொட்டது.

ஹைன்ரிஷ் பொல் 1950இல் வெளியிட்ட ஒரு கதையும் அப்படித்தான். படுகாயமடைந்த இளம் படைவீரன் ஒருவனைத் தூக்கிவந்து, மருத்துவமனையாக மாற்றப்பட்ட ஒரு பாடசாலையில் கிடத்துகிறார்கள். கரும்பலகையில் இருக்கும் கையெழுத்து தன்னுடையது என்று கண்டதும்தான், இது தான் படித்த பாடசாலை என்பது அவனுக்கு உறுதியாகிறது. பாடசாலைகளை முகாம்களாகவே முதலில் அறிந்த ஊர்களில் இதை விளக்க அதிக நேரம் எடுக்காது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அங்கே நடந்தது வேறு, இங்கே நடந்தது வேறு. அறுபது இலட்சம் யூதர்களின் படுகொலையை நம் துயரத்துக்கு உவமையாக எடுத்துக்கொண்டு ஓடிவிடக் கூடாது. அதன் திட்டத்தையும் அலுவலகங்களையும் ரயில் அட்டவணைகளையும் அதற்குரிய விவரங்களோடு படிக்க வேண்டும். ஒப்பிடும் உரிமை அந்த உழைப்புக்குப் பிறகே வருகிறது. வகுப்பில் இதில் நான் கண்டிப்பானவர்.

திரைப்படம் பார்ப்பதும் ஒரு பாடமா?

பெற்றோரின் முகத்தில் சந்தேகம் தெரியும் இடம் இது. சுவர்மீது ஒளி விழ, பிள்ளைகள் படம் பார்த்துக்கொண்டிருந்தால் பாடம் நடக்கிறது என்று எப்படி நம்புவது?

நான் தொடங்குவது முர்னாவ் 1924இல் எடுத்த 'கடைசி மனிதன்' படத்தில். பேசாப்படம், எழுத்து அட்டைகளும் கிட்டத்தட்ட இல்லை. ஆகையால் மொழி தெரியாதவர்களும் முதல் நாளே பார்க்கலாம். பெரிய ஹோட்டல் ஒன்றின் வாசற்காவலர், பொத்தான்கள் மின்னும் சீருடையில் அரசனைப்போல நடக்கிறார். குடியிருப்பில் அத்தனை பேரும் வணங்குகிறார்கள். முதுமையால் பெட்டி தூக்க முடியவில்லை என்று நிர்வாகம் அவரைக் கழிவறை வேலைக்கு இறக்குகிறது. சீருடை போகிறது. அதோடு மனிதரும் சுருங்குகிறார், வணங்கிய அதே அயலவர் சிரிக்கிறார்கள். சோதனைச் சாவடிகளைக் கடந்து பாடசாலைக்குப் போன தலைமுறை, ஓர் உடைக்குள் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதை அறியும். அந்த அறிவை வைத்துக்கொண்டு, கமெரா எங்கே நிற்கிறது, எப்போது அவரைக் கீழிருந்து காட்டுகிறது, எப்போது மேலிருந்து காட்டுகிறது என்று பார்க்கச் சொல்வேன். கமெராவைத் தாங்கியிலிருந்து கழற்றி நடமாடவிட்ட முன்னோடிப் படங்களில் இது ஒன்று.

அடுத்ததாக வோல்ஃப்காங் ஷ்டாவுடவின் 'கொலைகாரர்கள் எங்களிடையே'. போருக்குப் பிறகு ஜேர்மனியில் எடுத்து முடிக்கப்பட்ட முதல் கதைப்படம் அதுதான். 1946 ஒக்டோபரில் திரையிடப்பட்டது. பேர்லினின் உண்மையான இடிபாடுகளில் படமாக்கினார்கள். வதைமுகாமிலிருந்து திரும்பும் ஒரு பெண், குடியில் மூழ்கிய ஒரு மருத்துவர், அவருடைய பழைய படைத் தலைவர் ஆகிய மூவரைச் சுற்றிய கதை. போலந்தில் பொதுமக்களைச் சுட உத்தரவிட்ட அந்தத் தலைவர் இப்போது தொழிற்சாலை முதலாளி. இரும்புத் தொப்பிகளைப் பானைகளாக மாற்றி விற்கிறார், மனச்சாட்சி உறுத்தாமல் நன்றாகச் சாப்பிடுகிறார். முதலில் எழுதிய திரைக்கதையில் மருத்துவர் அவரைச் சுட்டுக் கொல்வார். சோவியத் தணிக்கை அதிகாரிகள் ஏற்கவில்லை. படத்தில் அந்தப் பெண் தடுக்கிறாள், வழக்குத் தொடர வேண்டும் என்பதாக முடிகிறது.

எந்த முடிவு உண்மையானது என்று கேட்டு வகுப்பை இரண்டாகப் பிரிப்பேன். நீதிமன்றம் என்று சொல்பவர்களிடம், அந்த வழக்குகள் எப்போது வந்தன என்று கேட்பேன். அவுஷ்விட்ஸ் முகாமில் பணியாற்றியவர்கள் சிலரை ஃபிராங்ஃபுர்ட் நீதிமன்றம் விசாரித்தது 1963 முதல் 1965 வரை. அதற்காகப் போராடியவர் ஃபிரிட்ஸ் பவுவர் என்ற யூத அரச வழக்குரைஞர். அந்த விசாரணைச் சாட்சியங்களை வைத்தே பீட்டர் வைஸ் ஒரு நாடகம் எழுதினார். அது 1965 ஒக்டோபரில் கிழக்கிலும் மேற்கிலும் பல அரங்குகளில் ஒரே நாளில் மேடையேறியது. ஒரு திரைப்படத்தின் கடைசிக் காட்சியில் தொடங்கி, சட்ட வரலாற்றையும் நாடக வரலாற்றையும் தொட்டு, ஒரு நாடு எவ்வளவு காலம் வாய் மூடியிருந்தது என்பதுவரை போகிறோம். இதைப் பாடம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

ஃபாஸ்பின்டர் 1974இல் எடுத்த 'அச்சம் ஆன்மாவைத் தின்னும்' படத்தை ஐரோப்பாவுக்குப் போக இருப்பவர்களுக்கென்றே வைத்திருக்கிறேன். மொரோக்கோவிலிருந்து வந்த தொழிலாளி ஒருவரும், வயதான துப்புரவுப் பெண் ஒருவரும் திருமணம் செய்கிறார்கள். மளிகைக் கடைக்காரர், அந்தத் தொழிலாளி பேசும் ஜேர்மன் புரியவில்லை என்று நடிக்கிறார். பின்னர் வியாபாரம் குறைந்ததும் அதே கடைக்காரருக்கு எல்லாம் புரிகிறது. அந்தக் கடையில் நானும் நின்றிருக்கிறேன், வேறு ஊரில், வேறு ஆண்டில்.

செய்முறை எளிது. சில நிமிடக் காட்சியை முதலில் ஒலி இல்லாமல் பார்க்கிறோம். பிறகு படத்தை மறைத்து ஒலியை மட்டும் கேட்கிறோம். பின்னர் இரண்டையும் சேர்த்துப் பார்த்து, அவரவர் கண்டதை எழுதுகிறோம். எழுதாதவர் பார்க்கவில்லை என்றே கணக்கு.

பிரெக்டின் நாடகங்கள் நமக்குப் புரியுமா?

கிழக்கு மாகாணத்தவர்களுக்கு மற்றவர்களைவிட எளிதில் புரியும். பாத்திரத்துக்குள் கரைந்துவிடாமல், பார்வையாளரைப் பார்த்துப் பேசி, இது நாடகம் என்று நினைவூட்டிக்கொண்டே கதை சொல்வதை ஐரோப்பிய மேடைக்கு ஒரு புரட்சியாகக் கொண்டுவந்தவர் பெர்டோல்ட் பிரெக்ட். 1935இல் மொஸ்கோவில் சீன நடிகர் மெய் லான்ஃபாங்கின் நடிப்பைக் கண்டு வியந்து அதைப் பற்றி எழுதியவர் அவர். வடமோடி, தென்மோடிக் கூத்தில் கட்டியகாரன் வந்து வரவு சொல்வதையும், அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் களரியிலேயே நிற்பதையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த முறை பழகியதுதான். ஜேர்மன் மாணவர்களுக்குப் பிரெக்டை விளக்க நான் கூத்துக் காணொளிகளைக் காட்டியதுண்டு.

அவருடைய 'கோக்கேசிய வெண்கட்டி வட்டம்' நாடகத்தை ஹென்றி ஜயசேன 1967இல் 'ஹுணுவட்டயே கத்தாவ' என்று சிங்களத்தில் மேடையேற்றினார். சிங்கள நாடக உலகில் அது தலைமுறைகள் தாண்டிப் பேசப்படுகிறது. பிள்ளை யாருக்கு உரியது என்று வட்டத்தில் நிறுத்தி இழுக்கவைக்கும் வழக்கு, சீன நாடகத்திலும் பைபிளின் சாலமன் கதையிலும் பௌத்த ஜாதகக் கதையிலும் வெவ்வேறு வடிவங்களில் வருகிறது. என் வகுப்பில் தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் சேர்ந்து இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த வடிவத்தோடு வந்து அமர்ந்த அந்த வகுப்பை மிகவும் விரும்பினேன்.

தமிழ் மொழிமூலம் படித்தவருக்கு ஜேர்மன் கடினமா?

பயப்பட வேண்டாம். எட்டு வேற்றுமைகளைப் பள்ளியில் படித்தவர்களுக்கு நான்கு வேற்றுமைகள் பெரிய சுமை அல்ல. துணை வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வருவது ஆங்கிலம் வழியாக வருபவர்களைத் திணறடிக்கும், நமக்கு அது இயல்பு. சொற்களை ஒட்டி நீளமான ஒரு சொல்லாக்குவதும் நமக்குப் புதிதல்ல. உண்மையான தொல்லை பால் பகுப்பில் இருக்கிறது. தமிழில் பொருளைப் பார்த்தால் திணையும் பாலும் தெரிந்துவிடும். ஜேர்மனில் மேசை ஆண்பால், விளக்கு பெண்பால், சிறுமி அலிப்பால். ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் அதன் முன்னே வந்து பாலைக் காட்டும் சிறு சொல்லோடு சேர்த்து மனனம் செய்வதைத் தவிர வழியில்லை.

எனக்கு விசாவுக்கு ஏ1 சான்றிதழ் மட்டும் போதும். இலக்கியம் எதற்கு?

2007 ஓகஸ்ட் முதல், ஜேர்மனியில் வாழும் கணவரிடமோ மனைவியிடமோ போகிறவர்கள், சில விதிவிலக்குகள் தவிர, புறப்படும் முன்பே ஏ1 எனப்படும் தொடக்க நிலை மொழிச் சான்றிதழ் காட்ட வேண்டும். அந்தப் பரீட்சைக்காக வருபவர்களுக்கு முதலில் பரீட்சைக்குத் தேவையானதையே கற்பிக்கிறேன். படிவம் நிரப்புவது, நேரம் கேட்பது, வைத்தியரிடம் முன்பதிவு செய்வது. அதைக் குறைத்து மதிப்பிடுகிறவர்கள் மீது எனக்குக் கோபமே வரும். குடும்பம் சேர்வதற்காக ஒரு மொழியைக் கற்பது மதிப்புக்குரிய வேலை.

ஆனால் அந்த மொழியில் உங்களுக்குரிய பங்கு விண்ணப்பப் படிவத்தோடு முடிந்துவிடுவதில்லை. புலம்பெயர்ந்த நம்மவர்களில் பலர் முப்பது ஆண்டுகள் ஜேர்மன் பேசியும் ஒரு நூலைக் கையில் எடுத்ததில்லை. உணவகச் சமையலறையிலும் தொழிற்சாலையிலும் உடல் தேய உழைத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நூல்கள் தங்களுக்கானவை அல்ல என்று அவர்களை நம்பவைத்த சூழலோடுதான் எனக்கு வழக்கு. போர்ஹெர்ட்டின் இன்னொரு கதை இரண்டு மூன்று பக்கங்கள்தான். பஞ்ச காலத்தில் நள்ளிரவில் கணவர் திருட்டுத்தனமாக ஒரு துண்டு பாண் சாப்பிடுகிறார், மனைவி கண்டும் காணாததுபோல் இருக்கிறார். மறுநாள், தனக்கு இரவில் பாண் ஒத்துக்கொள்வதில்லை என்று சொல்லித் தன் துண்டையும் அவருக்குத் தருகிறார். எளிய சொற்கள், சிறிய வாக்கியங்கள். அடுத்த நிலையான ஏ2 முடித்தவர் அகராதியோடு வாசித்துவிடலாம். முப்பத்தொன்பது ஆண்டுத் தாம்பத்தியம் முழுவதும் அதற்குள் இருக்கிறது.

இலங்கையில் எங்கே படிக்கலாம்?

க.பொ.த. உயர்தரத்தில் ஜேர்மன் ஒரு பாடமாக உண்டு. களனிப் பல்கலைக்கழகத்தின் நவீன மொழிகள் துறையில் பட்டப்படிப்பாகப் பயிலலாம். கொழும்பில் உள்ள கோதே நிறுவனம் மொழி வகுப்புகளும் சர்வதேசப் பரீட்சைகளும் நடத்துகிறது, நூலகமும் உண்டு. கிழக்கிலிருந்து போகிறவர்களுக்கு இரவு ரயிலும் தங்குமிடச் செலவும் சேர்ந்துவிடும். அதனால்தான் அடிப்படை நிலைகளை ஊரிலேயே முடிக்க உதவுகிறேன்.

ஜேர்மனியில் படிக்கச் செலவு எவ்வளவு?

பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் பாடக் கட்டணம் இல்லை, அரையாண்டுக்கு ஒரு சிறு நிர்வாகத் தொகை மட்டும் உண்டு. பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ வாங்குகிறது. வாழ்க்கைச் செலவுக்கான பணம் இருப்பதை விசாவுக்கு முன்பே காட்ட வேண்டும், பலருக்குத் தடை அங்கேதான் வருகிறது. டாட் எனப்படும் ஜேர்மன் கல்விப் பரிமாற்றச் சேவையின் புலமைப்பரிசில்களைத் தேடுங்கள். இலக்கியம் படிப்பதானால் பொதுவாக சி1 எனப்படும் உயர்ந்த மொழி நிலை கேட்பார்கள்.

இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?

பேராசிரியர் பதவி மிகச் சிலருக்கே கிடைக்கிறது. ஜேர்மனியில் கலாநிதிப் பட்டத்துக்குப் பிறகும் பெரும்பாலும் இன்னொரு பெரிய ஆய்வை முடிக்க வேண்டும். ஆய்வாளர்களைத் தற்காலிக ஒப்பந்தத்தில் வைத்திருக்கும் காலத்துக்குச் சட்டம் ஓர் எல்லை போட்டிருக்கிறது. பொது விதியாக, பட்டத்துக்கு முன் ஆறு ஆண்டுகள், பின் ஆறு ஆண்டுகள். அதற்குள் நிரந்தரப் பதவி கிடைக்காதவர்களில் பலர் நாற்பது வயதில் துறையை விட்டு வெளியேறுகிறார்கள். திறமை குறைந்தவர்கள் என்பதால் அல்ல, பதவிகள் அவ்வளவுதான் இருக்கின்றன. இலங்கையில் தகுதிகாண் விரிவுரையாளராகத் தொடங்கி, சிரேஷ்ட விரிவுரையாளராகி, பேராசிரியராக உயரும் வழி தெளிவானது, ஆனால் துறை சிறியது.

ஆகவே மாணவர்களிடம் நான் சொல்வது: பேராசிரியராவதை ஒரே இலக்காக வைக்காதீர்கள். மொழிபெயர்ப்பு, உரைபெயர்ப்பு, பாடசாலை ஆசிரியம், சுற்றுலா, நூலகம், தூதரகப் பணி ஆகியவற்றில் ஜேர்மனை ஆழமாக அறிந்தவர்களுக்குத் தேவை உண்டு. நிலாவெளியில் சீசன் காலத்தில் காதால் கேட்டே ஜேர்மன் பேசப் பழகிய இளைஞர்களைப் பார்க்கிறேன். முறையாகப் படித்தால் அவர்கள் வெகுதூரம் போவார்கள்.

ஜேர்மானியருக்கே ஜேர்மன் இலக்கியம் கற்பித்த தமிழரை அவர்கள் ஏற்றுக்கொண்டார்களா?

மாணவர்கள் விரைவில் ஏற்றார்கள். முதல் வகுப்பில் சிறு வியப்பு இருக்கும், இரண்டாம் வாரத்தில் மறைந்துவிடும். பதவிக்கான நேர்முகத் தேர்வுகளில்தான் வேறு அனுபவம். ஓரிடத்தில் தேர்வுக் குழு உறுப்பினர் ஒருவர், இந்தியவியல் துறை உங்களுக்கு இன்னும் பொருத்தமாக இருக்குமல்லவா என்று மரியாதையாகக் கேட்டார். தமிழ் கற்பிக்கும் ஜேர்மானியரிடம் இப்படிக் கேட்பீர்களா என்று திருப்பிக் கேட்டேன். அந்த வேலை கிடைக்கவில்லை. வேறிடத்தில் கிடைத்தது.

இலக்கியத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்பவர்களோடு நான் ஒருபோதும் உடன்பட்டதில்லை. காஃப்கா பிராக் நகரத்து யூதர். தொழிலாளர் விபத்துக் காப்புறுதி நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஜேர்மனில் எழுதியவர். 2009இல் நோபல் பரிசு பெற்ற ஹெர்ட்டா முல்லர் ருமேனியாவில் பிறந்தவர். 1984இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து ஜேர்மனியில் வளர்ந்த செந்தூரன் வரதராஜா 2016இல் தன் முதல் நாவலை ஜேர்மனில் வெளியிட்டார். ஒரு தமிழ் இளைஞரும் கொசோவோவிலிருந்து வந்த ஒரு பெண்ணும் இணையத்தில் எழுதிக்கொள்ளும் கடிதங்களாக அது விரிகிறது. அந்த நூலை நான் பாடத்திட்டத்தில் சேர்த்த அரையாண்டில் வகுப்பறையில் அமர இடமிருக்கவில்லை.

ஆய்வு செய்யத் தமிழ் உதவுமா?

பெரிதும் உதவும். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜேர்மன் மிஷனரி சீகன்பால்க் தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். அவரும் அவருக்குப் பின் வந்த மிஷனரிகளும் ஜேர்மனியின் ஹாலே நகருக்கு அனுப்பிய அறிக்கைகளும் தமிழ்ச் சுவடிகளும் இன்றும் அங்கே இருக்கின்றன. கார்ல் கிரவுல் 1856இல் திருக்குறளை ஜேர்மனில் வெளியிட்டார். இரண்டு மொழிகளையும் சரளமாக வாசிக்கக்கூடிய ஆய்வாளர்கள் உலகில் மிகக் குறைவு. ஜேர்மன் எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸேயின் தாய் கேரளத்தின் தலச்சேரியில் பிறந்தவர், ஹெஸ்ஸே 1911இல் இலங்கைக்கு வந்து போனவர். சாகுந்தலத்தின் ஜேர்மன் பெயர்ப்பு 1791இல் வந்தபோது ஜேர்மன் பெருங்கவிஞர் கோதே மயங்கிப்போனார். அவருடைய 'ஃபவுஸ்ட்' நாடகத்துக்கு அரங்க முன்னுரை வைத்ததற்கு அதுவே தூண்டுதல் என்று ஆய்வாளர் கூறுவர். இத்தனைக்கும் நடுவே தமிழ்ப் பக்கத்திலிருந்து எழுதப்பட்டவை சொற்பம்.

எங்கிருந்து தொடங்குவது? உங்கள் வகுப்பில் சேரலாமா?

தமிழிலோ ஆங்கிலத்திலோ வாசிப்பதானால் காஃப்காவின் 'சட்டத்தின் முன்' என்ற குறுங்கதையை எடுங்கள். வாசற்காவலன் ஒருவனுக்கு முன்னால் வாழ்நாள் முழுவதும் காத்திருக்கும் ஒரு கிராமத்து மனிதனின் கதை. கச்சேரி வாசலிலும் ஆணைக்குழு வாசலிலும் கோப்புகளோடு நின்ற அம்மாமாரைப் பார்த்தவர்கள் அதை எப்படி வாசிக்கிறார்கள் என்று கேட்க எனக்கு எப்போதும் ஆவல். பிறகு போர்ஹெர்ட், அதன்பின் பொல். கோதேயைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம்.

வகுப்பு ஞாயிறு பின்னேரம் நடக்கிறது. கட்டணம் இல்லை. கிண்ணியா, மூதூர், தம்பலகாமத்திலிருந்து வருகிறவர்களுக்காகக் கடைசி பஸ்ஸுக்கு முன் முடித்துவிடுவோம். சீசனில் ஹோட்டல் வேலை இருப்பவர்கள் ஒக்டோபரில் சேர்ந்துகொள்ளலாம், அவர்களுக்காக முதல் பாடங்களைத் திரும்ப நடத்துகிறேன். ஒரு கொப்பியும் பென்சிலும் கொண்டுவாருங்கள். அடுத்த வாரம் பாண் கதையை வாசிக்கிறோம். பிரதி என்னிடம் இருக்கிறது.